கழித்துப் பார்த்தால் காணாமல் போகும் சம்பளம்

1968 ஜூன் 7. லண்டனின் கிழக்கே டேகன்ஹாமில் இருந்த ஃபோர்டு கார் ஆலையில் இருக்கை உறை தைக்கும் 187 பெண்கள் இயந்திரங்களை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். உறை இல்லாமல் இருக்கை இல்லை, இருக்கை இல்லாமல் கார் இல்லை. சில வாரங்களில் உற்பத்தி முடங்கியது. அமைச்சர் பார்பரா காசில் அவர்களைக் கூப்பிட்டுப் பேசினார். ஆண்களின் கூலியில் 92 சதவீதம் உடனே தருவது, முழுக்கூலி அடுத்த ஆண்டு தருவது என்று முடிவானது. 1970இல் பிரிட்டன் நாடாளுமன்றம் சம ஊதியச் சட்டத்தை நிறைவேற்றியது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். கைதட்டலுக்கு ஏற்ற இடம்.

ஆனால் அந்தப் பெண்கள் இயந்திரத்தை நிறுத்தியதற்கு முதல் காரணம் வேறு. கம்பெனி அப்போதுதான் ஆலையில் உள்ள எல்லா வேலைகளையும் மதிப்பிட்டுத் தரம் பிரித்திருந்தது. தையல் வேலையைத் திறன் குறைந்த ‘பி’ தரத்தில் போட்டது. “நாங்கள் செய்வது ‘சி’ தரத்து வேலை” என்பதே அவர்கள் எழுப்பிய கோரிக்கை. அந்த ‘பி’ தரத்திலும் ஆணுக்குக் கிடைப்பதில் 85 சதவீதம்தான் பெண்ணுக்கு என்பது அதற்கு மேல் இன்னொரு அநியாயம். பேச்சுவார்த்தையில் இரண்டாவது தீர்ந்தது. முதலாவது அப்படியே கிடந்தது. 1984இல் மறுபடியும் ஒரு வேலைநிறுத்தம், இந்த முறை ஆறு வாரம் நடத்திய பிறகே தையல் வேலைக்கு ‘சி’ தரம் கிடைத்தது. நடுவில் 16 ஆண்டுகள். 1968இல் வெளியே வந்தவர்களில் பலர் அதற்குள் ஓய்வுபெற்றிருப்பார்கள்.

ஊதிய இடைவெளி பற்றிய சண்டைகள் எல்லாவற்றுக்கும் இந்த இரண்டு தேதிகளே போதுமான முன்னுரை என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பது ஒரு கேள்வி. இந்த வேலைக்கு இவ்வளவுதான் மதிப்பு என்று யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்குச் சட்டம் எழுதுவது சுலபம். இரண்டாவதைத் தொட்டவர்கள் குறைவு. இன்றைக்கு இடைவெளியின் பெரும்பகுதி ஒளிந்திருப்பது அங்கேதான்.

சட்டங்கள் வருவதற்கு முன்பு இதில் ஒளிவுமறைவே இல்லை. ஆண்களுக்கு இவ்வளவு, பெண்களுக்கு இவ்வளவு என்று கூலிப் பட்டியலை இரண்டு பத்தியாக அச்சடித்தே வைத்திருந்தார்கள். ஆண் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர், பெண் கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறவர் என்பது அதற்குச் சொன்ன நியாயம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அடித்தளமிட்ட 1957இன் ரோம் ஒப்பந்தம், 1963இன் அமெரிக்கச் சட்டம், 1976இன் இந்தியச் சட்டம் என்று ஒவ்வொன்றாக வந்து அந்த இரண்டாவது பத்தியை அழித்துவிட்டன. பத்தி போன பிறகும் வித்தியாசம் போகவில்லை. அப்படியானால் அது எங்கே போனது?

கழித்தல் கணக்கு

முதலில் எண்ணை எடுத்துக்கொள்வோம். உலக அளவில் பெண்கள் ஆண்களைவிடச் சுமார் 20 சதவீதம் குறைவாகச் சம்பாதிக்கிறார்கள் என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கணக்கு. வளர்ந்த நாடுகளில் கடைசி இடம் தொடர்ந்து தென்கொரியாவுக்குத்தான், அங்கே சுமார் 30 சதவீதம். ஜப்பானில் 20 சதவீதத்துக்குச் சற்று மேல். ஐரோப்பிய ஒன்றியத்தின் சராசரி 12, 13 சதவீதம்.

இந்த எண்ணைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் “எங்கள் ஆபீஸில் ஒரே பதவியில் இருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம்தானே?” என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த 20 சதவீதம் என்பது அடுத்தடுத்த மேஜையில் உட்கார்ந்து ஒரே வேலை செய்யும் இருவருக்கு இடையிலான வித்தியாசம் அல்ல. வேலையில் இருக்கும் எல்லா ஆண்களின் சம்பளத்தையும் எல்லாப் பெண்களின் சம்பளத்தையும் தனித்தனியே எடுத்து ஒப்பிட்டது. விமானியும் அதில் இருக்கிறார், துப்புரவுப் பணியாளரும் இருக்கிறார். “ஒரே வேலைக்கு 20 சதவீதம் குறைவு” என்று மேடையில் சொல்பவர்கள் தங்கள் வாதத்தையே பலவீனமாக்குகிறார்கள்.

இதைச் சரிசெய்யப் பொருளாதார வல்லுநர்கள் கழித்துப் பார்ப்பார்கள். படிப்பு, அனுபவம், துறை, பதவி எல்லாவற்றையும் சமமாக்கிவிட்டு மிச்சம் எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். அமெரிக்காவைப் பற்றி ஃபிரான்சின் பிளாவ், லாரன்ஸ் கான் இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதில் புகழ்பெற்றது. 2010ஆம் ஆண்டுத் தரவுகளில் சுமார் 20 சதவீதமாக இருந்த இடைவெளி, இப்படிக் கழித்த பிறகு 8 சதவீதம் அளவுக்கு வந்தது. உடனே ஒரு கூட்டம் சொல்லும்: “பார்த்தீர்களா, உண்மையான பாகுபாடு 8 சதவீதம்தான். மீதி எல்லாம் பெண்களே தேர்ந்தெடுத்தது.”

என் சண்டை இந்த ‘தான்’ என்ற சொல்லோடுதான். பேருந்து ஒரு மணி நேரம் தாமதமாக வருகிறது. போக்குவரத்து நெரிசலைக் கழி, டயர் பஞ்சரைக் கழி, டிரைவர் மாறிய நேரத்தைக் கழி. கழித்துப் பார்த்தால் பேருந்து ஏறக்குறைய சரியான நேரத்துக்கு வந்துவிட்டது! நிறுத்தத்தில் நின்றவருக்கு அதனால் என்ன? கழித்தல் கணக்கு காரணத்தின் பெயரைச் சொல்கிறது. அந்தக் காரணம் நியாயமானதா என்று அது சொல்வதில்லை. ஒரு பெண் மேலாளர் பதவியில் இல்லை என்பதால் சம்பளம் குறைவு என்றால், பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் ஏன் விடுபட்டது என்பதே கேள்வி. அதையும் சேர்த்துக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் பாகுபாடு என்பது, திருடனை வீட்டுக் கணக்கில் சேர்த்து எழுதுவது மாதிரி.

எண் எதிர்த்திசையிலும் ஏமாற்றும். இத்தாலியில் ஊதிய இடைவெளி 5 சதவீதத்துக்குள்தான் இருக்கிறது. ஜெர்மனியில் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல். அப்படியென்றால் இத்தாலிதான் பெண்களுக்குச் சொர்க்கமா? இல்லை. இத்தாலியில் வேலைக்குப் போகும் பெண்களின் விகிதமே ஐரோப்பாவில் மிகக் குறைவான இடங்களில் ஒன்று. குறைந்த சம்பளம் வாங்கக்கூடியவர்களில் பலர் வேலைக்கே வராததால் கணக்கில் இல்லை. வந்திருப்பவர்களில் படித்தவர்கள், நல்ல பதவிக்காரர்கள் அதிகம். சராசரி அழகாகத் தெரிகிறது. இனி எங்காவது “இந்த நாட்டில் இடைவெளி குறைந்துவிட்டது” என்று செய்தி வந்தால், அங்கே எத்தனை பெண்கள் வேலையில் இருக்கிறார்கள் என்று அடுத்த வரியில் தேடிப் பாருங்கள்.

வேலை கை மாறும்போது

19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆபீஸ் குமாஸ்தா என்றால் ஆண். முதலாளியின் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் கற்று மேலே போவதற்கான முதல் படி அது. தட்டச்சு இயந்திரம் வந்து, அந்த நாற்காலியில் பெண்கள் உட்காரத் தொடங்கியதும் அந்தப் படி எங்கும் ஏறாத படியாகிவிட்டது. கணினியில் இதுவே தலைகீழாக நடந்தது. 1940களின் நடுவில் அமெரிக்காவின் எனியாக் கணினிக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள். இயந்திரத்தைக் கட்டுவது பொறியியல், அதற்கு நிரல் அமைப்பது ஏதோ எழுத்தர் வேலை என்று அன்று நினைத்தார்கள். நிரல் எழுதுவது பெரும் சம்பள வேலையானபோது அந்தத் துறை ஆண்களுடையதாகியிருந்தது.

இவை தனித்தனிக் கதைகள் என்று தள்ளிவிடலாம். ஆனால் 1950 முதல் 2000 வரையிலான அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை அலசி 2009இல் வெளியான ஓர் ஆய்வும் இதையேதான் காட்டியது. ஒரு தொழிலில் பெண்களின் பங்கு கூடினால், அதன் பிறகு அந்தத் தொழிலின் சம்பளம் மற்றவற்றோடு ஒப்பிட இறங்குகிறது. படிப்பையும் திறனையும் சமமாக்கிப் பார்த்த பிறகும் அப்படித்தான். சம்பளம் குறைந்த வேலையைப் பெண்கள் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது பாதி உண்மை. பெண்கள் வந்த வேலைக்குச் சம்பளம் குறைகிறது என்பது மறுபாதி.

1951இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஏற்ற 100ஆவது உடன்படிக்கையை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்று அவர்கள் எழுதவில்லை. ‘சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம்’ என்று எழுதினார்கள். ஒரு சொல்தான் அதிகம். ஆனால் முதல் வாசகத்தைத் தாண்டிப் போவது முதலாளிக்குக் கஷ்டமே இல்லை. வேலைக்கு வேறு பெயர் வைத்தால் போதும். இந்தியாவில் மெக்கின்னன் மெக்கன்சி கம்பெனி ஆண்களை ஸ்டெனோகிராபர் என்றும் பெண்களை ரகசிய ஸ்டெனோகிராபர் என்றும் வைத்திருந்தது. செய்தது ஒரே மாதிரி வேலை, சம்பளம் வேறு. ஆட்ரி டி’கோஸ்டா என்ற பெண் தொடுத்த வழக்கில் 1987இல் உச்ச நீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது. பெயர்ப்பலகையைப் பார்க்காதே, வேலையைப் பார் என்பதே தீர்ப்பின் சாரம்.

அதைவிட ஒரு படி மேலே போனது நியூசிலாந்து. முதியோர் இல்லங்களில் பராமரிப்புப் பணி செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அந்த இல்லங்களில் வேலை செய்த சில ஆண்களுக்கும் அதே குறைந்த கூலி. எனவே ‘ஆணோடு ஒப்பிட்டால் சமம்தானே’ என்று முதலாளிகள் வாதாட முடிந்தது. கிறிஸ்டின் பார்ட்லெட் என்ற பராமரிப்புப் பணியாளர் கேட்டது வேறு: இந்தத் தொழிலையே பெரும்பாலும் ஆண்கள் செய்துவந்திருந்தால் என்ன கூலி கொடுத்திருப்பீர்கள்? இந்தக் கேள்விக்கு அந்த நாட்டின் 1972ஆம் ஆண்டுச் சம ஊதியச் சட்டத்தில் இடமிருக்கிறது என்று நீதிமன்றங்கள் ஒப்புக்கொண்டன. 2017இல் அரசு சுமார் 55,000 பணியாளர்களுக்காக 200 கோடி நியூசிலாந்து டாலர் ஒதுக்கிச் சமரசம் செய்தது. இப்படி ஒப்பிடத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று அஞ்சியவர்களும் இருந்தார்கள். 2025 மே மாதம் அதே நாட்டு அரசு அவசரமாகச் சட்டத்தைத் திருத்தி இத்தகைய கோரிக்கைகளை எழுப்புவதற்கான நிபந்தனைகளைக் கடுமையாக்கியது. நிலுவையில் இருந்த 33 கோரிக்கைகள் ஒரே நாளில் செல்லாமல் போயின.

அஞ்சியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பிரிட்டனின் பர்மிங்காம் மாநகராட்சியில் குப்பை அள்ளுபவர்களுக்கும் தெரு சுத்தம் செய்பவர்களுக்கும் போனஸ் இருந்தது. அதே தரத்தில் இருந்த சமையல், துப்புரவு, பராமரிப்புப் பணிப் பெண்களுக்கு இல்லை. 2012இல் உச்ச நீதிமன்றம் பெண்கள் வழக்குத் தொடர வழிவிட்டது. மாநகராட்சி நூறு கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்தும் கணக்குத் தீரவில்லை. 2023இல் அது தன்னால் செலவுகளைச் சமாளிக்க முடியாது என்று அறிவித்தபோது சொன்ன காரணங்களில் இந்தப் பாக்கியும் ஒன்று. பெண்களின் வழக்கால் மாநகராட்சி திவாலானது என்று தலைப்புச் செய்திகள் வந்தன. அதையே இப்படியும் சொல்லலாம்: பல்லாண்டுகளாகப் பெண்களின் கூலியில் பிடித்துவைத்த பணத்தில்தான் அந்த மாநகராட்சி ஓடிக்கொண்டிருந்தது.

குழந்தை யாருடையது?

2023இல் பொருளாதார நோபல் கிளாடியா கோல்டினுக்குக் கிடைத்தது. அந்தப் பரிசை யாரோடும் பகிராமல் பெற்ற முதல் பெண் அவர். அமெரிக்காவின் 200 ஆண்டுத் தரவுகளைத் தோண்டி எடுத்த அவர் கண்டது இது: இன்று இடைவெளியின் பெரும்பகுதி வெவ்வேறு தொழில்களுக்கு இடையே இல்லை. ஒரே தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. அது பெரிதாவது முதல் குழந்தை பிறக்கும்போது. சிகாகோவில் எம்.பி.ஏ. முடித்தவர்களை வைத்து அவரும் மற்ற இருவரும் செய்த ஆய்வில், வேலையில் சேரும்போது ஆண், பெண் சம்பளம் ஏறக்குறைய ஒன்று. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பெரிய பள்ளம்.

டென்மார்க்கில் ஹென்ரிக் க்ளேவன் குழுவினர் முழு நாட்டின் பதிவேடுகளையும் எடுத்து வரைபடமாகப் போட்டார்கள். குழந்தைக்கு முன்பு ஆணின் கோடும் பெண்ணின் கோடும் ஒட்டியே போகின்றன. குழந்தை பிறந்த ஆண்டு பெண்ணின் கோடு கீழே விழுகிறது. ஆணின் கோடு அசையவே இல்லை. நீண்ட காலத்தில் பெண்ணின் வருமானம் சுமார் 20 சதவீதம் குறைவாகவே நிற்கிறது. டென்மார்க்கில் மகப்பேறு விடுப்பு, குழந்தைக் காப்பகம் எதற்கும் குறையில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். இது உடல் சார்ந்த விஷயம்தானே, பெற்றவளுக்கு ஓய்வு வேண்டும், பால் கொடுக்க வேண்டும் என்று. இதே குழு அதற்கும் ஒரு சோதனை செய்தது. நான் படித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். குழந்தையைத் தத்தெடுத்த குடும்பங்களைப் பார்த்தார்கள். அங்கே கர்ப்பம் இல்லை, பிரசவம் இல்லை. இருந்தும் தத்தெடுத்த தாயின் வருமானம், பெற்ற தாயின் வருமானத்தைப் போலவே நீண்ட காலத்துக்குச் சரிந்து கிடந்தது. பிரசவத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட முடியவில்லை.

ஏன் இப்படி? கோல்டின் சொல்லும் விடை, சில வேலைகளுக்குப் பேராசை என்பது. நாற்பது மணி நேரம் உழைத்தால் ஒரு பங்கு சம்பளம். அறுபது மணி நேரம் உழைத்து, ராத்திரி பத்து மணிக்கும் போனை எடுத்து, நாளைக்கே வெளியூர் கிளம்பத் தயாராக இருந்தால் ஒன்றரைப் பங்கு அல்ல, இரண்டு பங்கு. இரண்டு வழக்கறிஞர்கள் கணவன் மனைவி என்று வையுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து அழைத்தால் யாராவது ஒருவர் போயாக வேண்டும். இருவரும் பாதிப் பாதியாக விட்டுக்கொடுத்தால் அந்த இரண்டு பங்குச் சம்பளம் இருவருக்குமே கிடைக்காது. வீட்டு வருமானத்துக்கு நஷ்டம். ஆகவே ஒருவர் முழுக்க ஆபீஸுக்கு, இன்னொருவர் வீட்டின் அழைப்புக்கு என்று பிரித்துக்கொள்கிறார்கள். அந்த இன்னொருவர் யார் என்பதை முடிவு செய்ய அந்த வீட்டில் கூட்டம் எதுவும் போடுவதில்லை. ஆணாதிக்கம் பிடித்த மேலாளர் ஒருவர்கூட இல்லாமலே இடைவெளி உண்டாகிவிடுகிறது.

இது மாற்றவே முடியாத இயற்கை விதி இல்லை என்பதற்கு அவர் காட்டும் உதாரணம் மருந்தாளுநர் தொழில். ஒரு காலத்தில் அமெரிக்காவில் மருந்துக்கடைகள் தனியார் சொந்தக் கடைகள். முதலாளியே நாள் முழுக்க நிற்க வேண்டும். பிறகு பெரிய தொடர் கடைகள் வந்தன, மருந்துகள் ஒரே தரத்தில் வரத் தொடங்கின, நோயாளியின் விவரம் கணினியில் ஏறியது. ஒரு மருந்தாளுநர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடரலாம் என்றானது. குறைந்த நேரம் வேலை செய்தால் அந்த அளவுக்கே சம்பளம் குறையும், கூடுதல் தண்டனை கிடையாது. இடைவெளி வெகுவாகச் சுருங்கியது. யாரும் பெண்ணியம் பேசி இதைச் செய்யவில்லை. வேலையின் அமைப்பு மாறியது, அவ்வளவுதான்.

எல்லாமே பாகுபாடு என்று சொல்பவர்களுக்கும் இங்கே ஒரு முள் உண்டு. ஊபர் நிறுவனத்தில் கட்டணத்தை நிர்ணயிப்பது கணினி. ஓட்டுவது ஆணா பெண்ணா என்று அது பார்ப்பதில்லை. அப்படியும் அமெரிக்க ஓட்டுநர்களிடையே மணிக்குச் சுமார் 7 சதவீத இடைவெளி இருப்பதை ஓர் ஆய்வு கண்டது. காரணங்கள் மூன்று: ஓட்டிய அனுபவம், எந்தப் பகுதியில் ஓட்டுகிறார்கள், எவ்வளவு வேகத்தில் ஓட்டுகிறார்கள். ஒரு பெண் சில பகுதிகளைத் தவிர்ப்பதில் பாதுகாப்பு பயத்துக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்வி இருக்கட்டும். யாரும் திட்டமிட்டுக் குறைக்காமலும் இடைவெளி பிறக்கும் என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

ஆனால் தாய்மையை முன்வைத்துத் திட்டமிட்டுக் குறைப்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் ஷெல்லி கொரல் குழுவினர் 2007இல் வெளியிட்ட சோதனையில், தகுதியில் வித்தியாசமே இல்லாத கற்பனை விண்ணப்பங்களில் சிலவற்றில் மட்டும் பெற்றோர் சங்க உறுப்பினர் என்பது போன்ற ஒரு குறிப்பைச் சேர்த்தார்கள். தாய் என்று தெரிந்ததும் திறமை மதிப்பெண் குறைந்தது, தரலாம் என்று சொன்ன தொடக்கச் சம்பளம் குறைந்தது. தந்தை என்று தெரிந்த ஆணுக்கு எந்த நஷ்டமும் இல்லை. குழந்தை பிறந்தால் ஆண் பொறுப்புள்ளவன் ஆகிவிடுகிறான், பெண் நம்பத் தகாதவள் ஆகிவிடுகிறாள்.

வாசலில் நடப்பது

அயர்லாந்தில் 1973 வரை அரசு வேலையில் இருக்கும் பெண் திருமணம் செய்தால் வேலையை விட வேண்டும். இந்திய வெளியுறவுப் பணியில் பெண் அதிகாரி திருமணம் செய்ய அரசின் அனுமதி வாங்க வேண்டும் என்று விதி இருந்தது. அந்தப் பணியில் சேர்ந்த முதல் பெண் சி.பி. முத்தம்மா, பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது 1979இல் உச்ச நீதிமன்றம் போனார். திருமணம் ஒரு பெண்ணின் வேலைக்குத் தடை என்றால் ஆணுக்கும் ஏன் இல்லை என்று நீதிபதி கிருஷ்ணய்யர் கேட்ட கேள்வி இன்றும் பழசாகவில்லை.

அப்படிப்பட்ட விதிகளை இன்று யாரும் எழுதிவைப்பதில்லை. எழுதாமல் செய்கிறார்கள். 2018இல் டோக்கியோ மருத்துவப் பல்கலைக்கழகம் நுழைவுத் தேர்வில் பெண்களின் மதிப்பெண்ணைப் பல ஆண்டுகளாகக் குறைத்து வந்தது வெளியானது. பெண்கள் டாக்டரான பிறகு குழந்தை, குடும்பம் என்று விலகிவிடுவார்கள் என்பது உள்ளே சொல்லப்பட்ட நியாயம். விலகுவார்கள் என்று சேர்க்காமல் இருப்பது, சேராததால் ஆட்கள் குறைவது, குறைவதால் இருப்பவர்களின் வேலைநேரம் நீள்வது, நீள்வதால் பெண்கள் விலகுவது. தானே குழி வெட்டிவிட்டு, பார் விழுந்துவிட்டார்கள் என்பது.

இதில் தீய எண்ணம் தேவையே இல்லை. 2012இல் அமெரிக்காவின் 127 அறிவியல் பேராசிரியர்களிடம் ஆய்வக மேலாளர் வேலைக்கு ஒரே விண்ணப்பத்தைக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குப் போனதில் பெயர் ஜான், மீதிப் பேருக்குப் போனதில் ஜெனிஃபர். ஜானுக்கு 30,000 டாலருக்குச் சற்று மேல் சம்பளம் தரலாம் என்றார்கள். ஜெனிஃபருக்குச் சுமார் 26,500. பெண் பேராசிரியர்களும் ஆண்களைப் போலவே ஜான் பக்கம் சாய்ந்தார்கள்.

அழுத பிள்ளைக்குத்தான் பால், பெண்கள் வாய் திறந்து கேட்பதில்லை, அதனால் கிடைப்பதில்லை என்று ஒரு அறிவுரை எல்லா இடத்திலும் உலவுகிறது. ஆஸ்திரேலியத் தொழிலாளர்கள் 4,600 பேரின் தரவை வைத்துச் செய்த ஆய்வு இதைச் சோதித்தது. வேலைநேரத்தைச் சமமாக்கிப் பார்த்தால் பெண்களும் ஆண்கள் அளவுக்கே சம்பள உயர்வு கேட்கிறார்கள். கேட்ட ஆண்களில் 20 சதவீதம் பேருக்குக் கிடைத்தது, பெண்களில் 15 சதவீதம் பேருக்கு. அதற்கும் மேல், பேரம் பேசும் பெண்ணைப் பார்ப்பவர்கள் ‘இவரோடு வேலை செய்வது கஷ்டம்’ என்று எடைபோடுகிறார்கள் என்பதை ஹன்னா ரைலி பௌல்ஸ் குழுவின் சோதனைகள் காட்டின. அழுத பிள்ளைக்கு அடியும் விழுகிறது.

பாலியல் தொல்லையைப் பொதுவாக இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும். ஸ்வீடனில் ஒல்லே ஃபோல்க, யொஹானா ரிக்னே செய்த ஆய்வில், ஆண்கள் அதிகமுள்ள பணியிடங்களில் பெண்களுக்குத் தொல்லை அதிகம். சம்பளம் அதிகமுள்ளவையும் பெரும்பாலும் அதே பணியிடங்கள். தொல்லைக்கு ஆளானவர்கள் பெண்கள் அதிகமுள்ள, சம்பளம் குறைந்த இடத்துக்கு மாறிப் போகிறார்கள். புள்ளிவிவரத்தில் அது ‘அவரே தேர்ந்தெடுத்த வேலை’ என்று பதிவாகும். அப்புறம் கழித்தல் கணக்கில் காணாமல் போகும்.

பக்கத்து மேஜையின் சம்பளம்

இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரு சின்ன விஷயம்: அடுத்தவர் சம்பளம் தெரியாது. தெரியாமல் வழக்கும் போட முடியாது, பேரமும் பேச முடியாது. பிரிட்டன் 2017இல் 250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் தங்கள் இடைவெளியை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்றது. ஐஸ்லாந்து 2018 முதல், சமமாகக் கொடுக்கிறோம் என்று நிரூபிக்கும் பொறுப்பை நிறுவனத்தின் தலையில் வைத்தது, 25 பேர் இருந்தாலே போதும். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த விதியின்படி, வேலைக்கு விண்ணப்பிப்பவருக்குச் சம்பள வரம்பைச் சொல்லிவிட வேண்டும், முந்தைய கம்பெனியில் என்ன வாங்கினீர்கள் என்று கேட்கக் கூடாது. இந்தக் கடைசி விதி சாதாரணமாகத் தெரியலாம். முதல் வேலையில் குறைத்துக் கொடுத்ததை இரண்டாவது, மூன்றாவது வேலைக்கும் சுமந்து செல்லும் வண்டி அந்தக் கேள்விதான்.

வெளிப்படைத்தன்மையால் பலன் உண்டா? உண்டு, ஆனால் கொஞ்சம் கசப்பானது. டென்மார்க் 2006இல் இத்தகைய சட்டம் போட்ட பிறகு அந்த நிறுவனங்களில் இடைவெளி சுருங்கியது. பெரும்பாலும் எப்படித் தெரியுமா? ஆண்களின் சம்பள உயர்வு மெதுவானதால். முதலாளிகள் மேலே இருந்ததைப் பிடித்து நிறுத்தினார்கள், கீழே இருந்ததை அந்த அளவுக்குத் தூக்கவில்லை.

தெரியாமல் இருப்பதன் விலைக்கு லில்லி லெட்பெட்டர் சாட்சி. அமெரிக்காவின் அலபாமாவில் குட்இயர் டயர் ஆலையில் 1979 முதல் மேற்பார்வையாளர். ஓய்வுக்குக் கொஞ்ச காலம் இருந்தபோது யாரோ பெயர் போடாமல் ஒரு துண்டுச்சீட்டை அவருக்கு வைத்துவிட்டுப் போனார்கள். அதில் அவர் சம்பளமும் அதே வேலை செய்த ஆண்களின் சம்பளமும் இருந்தன. அவருக்கு மாதம் 3,727 டாலர். ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கே 4,286. வழக்குப் போட்டார், கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தார். 2007இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதைத் தள்ளியது. பாகுபாடு காட்ட முடிவெடுத்த 180 நாளுக்குள் புகார் செய்திருக்க வேண்டும் என்றது. அந்த முடிவு எடுக்கப்பட்டதே அவருக்குத் தெரியாதே என்று நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் மாறுபட்ட தீர்ப்பு எழுதி, அதை நீதிமன்றத்திலேயே வாய்விட்டுப் படித்தார். குறைந்த சம்பளம் கைக்கு வரும் ஒவ்வொரு முறையும் அந்த 180 நாள் புதிதாகத் தொடங்கும் என்று 2009 ஜனவரியில் சட்டம் திருத்தப்பட்டது. ஒபாமா அதிபராகக் கையெழுத்திட்ட முதல் சட்டம் அது, லெட்பெட்டர் பெயரிலேயே. அவருக்கு மட்டும் அது உதவவில்லை. குட்இயரிடமிருந்து ஒரு காசும் வரவில்லை. 2024இல் இறக்கும் வரை அவர் வாங்கிய ஓய்வூதியமும் அந்தக் குறைந்த சம்பளத்தை வைத்துக் கணக்கிட்டதுதான்.